முப்பத்தெட்டாம் அதிகாரம்

புதுவருஷக் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தாம்பாளத்தில் பரப்பி ஏந்திக்கொண்டு வந்த வேதமுத்து, பெண்டாட்டி சொர்ணத்தாயின் முன்னால் நின்றதும் ஒரு திருட்டு வேலை செய்தார். கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளில் ஒன்றை மட்டும் கட்டைவிரலால் விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டார். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தனக்குக் கொடுக்கும் வார்த்தை என்று ஆளுக்கொன்று எடுத்துப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வது சபை வழக்கம். ஆண்டவர் கையை லேசாக இடித்துவிட்டால் பாவமில்லை என்பது வேதமுத்துவின் வேதாந்தம்.

காரணம் இருந்தது. சொர்ணத்தாயின் மார்பில் கட்டி. பொங்கல் கழிந்ததும் ஆபரேஷன் என்று திருநெல்வேலி டாக்டர் நாள் குறித்துவிட்டார். ஏசாயா முப்பத்தெட்டில், சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவிடம் கர்த்தர், "உன் கண்ணீரைக் கண்டேன், உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன்" என்கிறாரே, அந்த ஐந்தாம் வசனத்தை அவளுக்கென்றே ஒற்றை அட்டையாக அச்சடிக்கச் சொல்லியிருந்தார்.

சொர்ணத்தாய் எடுத்தாள், வாசித்தாள், முந்தானைக்குள் முகத்தை மறைத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து வேதமுத்து அடுத்த வரிசைக்குத் துள்ளிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்டையில் இருந்தது அதே அதிகாரத்தின் முதல் வசனம்: "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர்."

அட்டையை அச்சடித்துக் கொடுத்த, தீப்பெட்டி லேபிள் அடிக்கும் மணிகண்டபிரபுவிடம் ஓடினார்.

"ஏலே, என்னத்தலே அடிச்சு வச்சிருக்க?"

"அண்ணாச்சி, நீங்க சொன்ன நம்பரத்தான் எடுத்துப் போட்டேன். புரூஃப் அனுப்புனேன், கட்டைவிரலத் தூக்கிக் காட்டுனீங்க. உங்க சாமி வாழ்த்துதாரா வையுதாரான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

போனில் பழைய மெசேஜைத் தேடிக் காட்டினான். வேதமுத்து கைப்பட அடித்த 38:1 அதில் இருந்தது. சின்ன வயதில் வசனப் போட்டியில் பரிசு வாங்கிய திமிரில், பைபிளைத் திறக்காமல் ஞாபகத்திலிருந்து அனுப்பியது. அந்தக் கட்டைவிரலை வெட்டி எறியலாம்போல இருந்தது.

வீட்டில் உண்மையைச் சொன்னார். சொர்ணத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க எப்பம் நெசம் பேசியிருக்கீங்க? எங்கப்பா சாவுல பாடையைப் பாத்து ஜோக்கடிச்ச ஆளுதான?"

அது மறுக்க முடியாத சாட்சி. மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். இட்லி அரிசி இந்த டப்பா, ரசப்பொடி அந்த டப்பா, கேஸ் தீர்ந்தால் இந்த நம்பர். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால், "நான் வரல" என்ற ஒரே வார்த்தை. வேதமுத்து ரசப்பொடியை மோந்து தும்மிக் காட்டினார், டப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுபோல் நடித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

சபைப் போதகர் ஐயரிடம் போய் நின்றார்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவா."

"எல்லா வசனத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கு வேதமுத்து. ஜெபிப்போம்."

"வருவாளா மாட்டாளா?"

"அவர் சித்தம்."

டாக்டருக்குப் போன் போட்டார். "தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர். "வந்தா பொழச்சிருவாளா?" என்று கேட்டதற்கு, "திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். உலகத்தில் ஒருத்தருக்கும் ஆமாம் இல்லை என்ற சொற்கள் வாயில் வருவதில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் குச்சி மூட்டை மேல் உட்கார்ந்தார். கம்பிவேலிக்கு அப்பால் அறுத்த மக்காச்சோளத் தட்டையும் வெடித்த கரிசலுமாகக் கிடந்தது. கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைத்தார். பழைய ஏற்பாட்டு ஆசரிப்புக் கூடாரத்துத் திரைக்கு எத்தனை கொக்கி என்று வந்தது. "கொக்கியா கேட்டேன்?" என்று வாய்விட்டுக் கேட்டார். அடுத்த தடவை எண்பத்தெட்டாம் சங்கீதம். கடைசியில் எப்படியும் ஸ்தோத்திரம் வரும் என்று வாசித்துக்கொண்டே போனார். வரவில்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிந்திருந்தது. ஆறுதல் சொல்லாமல், துடைத்துவிடாமல், ஒருத்தன் அழுததை அழுகையாகவே பைபிளுக்குள் விட்டுவைத்திருக்கிறார் ஆண்டவர். வேதமுத்துவுக்கு என்னவோ அதுதான் ஆறுதலாக இருந்தது. மூட்டை மேல் உட்கார்ந்தபடியே அழுதார். தன் அழுகையைப் பார்த்துத் தானே ஒரு ஜோக் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். சொர்ணத்தாய் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முறத்திலிருந்து நாலைந்து கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

"என்ன, இன்னைக்கு வாய்க்குப் பூட்டா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அழுத முகம் என்று தெரிந்திருக்கும்.

"சொர்ணம், நீ ஏன் வரமாட்டேங்குத? எனக்கு நெசத்தச் சொல்லுட்டி."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த வசனம் மாறி வந்திருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதிகாரம் பூரா வாசிச்சேன். ராஜா சொவத்துப் பக்கமா மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுதாருன்னு போட்டிருக்கு. நான் சொவத்துப் பக்கம் திரும்புனா நீங்க வந்து கூத்துக் காட்டுதீங்க. இந்த வீட்டுல எனக்கு அழுவதுக்கு ஒரு சொவரு இல்ல."

வேதமுத்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக் கல் பொறுக்கினார்.

"பொழப்பேனான்னு தெரியல," என்றாள் சொர்ணத்தாய். "ரொம்பப் பயமா இருக்கு. காலைல வாரேன்."