விலக்கி வைத்த கை

கார்த்திகையின் கடைக்கூற்றில் கோணமாமலையின்மேல் மேகம் இறங்கி அமர்ந்துவிட்டால், திருக்கோணமலைப் பட்டினம் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கொட்டியாரக் குடாவின் நீர் ஈய நிறம் கொள்ளும். வாடை கடலைப் புரட்டும். மூதூருக்குச் செல்லும் லோஞ்சுப் படகுகள் துறையிலேயே கட்டுண்டு ஒன்றையொன்று உரசிக் கிடக்கும். மழை வலுத்துப் பெய்வதுமில்லை, விட்டுப்போவதுமில்லை. யுத்தம் ஊரைச் சூழ்ந்திருந்த அந்த ஆண்டுகளில், காவலரண்களின் மணல்மூட்டைகளில்கூடப் புல் முளைத்திருந்தது. மாலைப் பூசையின் மணியோசை ஈரக் காற்றைக் கடந்து வரும்போது பாதி கரைந்திருக்கும். விளக்கீட்டுக்கு ஏற்றிய தீபங்கள் அணைந்தபின், திருவெம்பாவைக்கு ஊர் விழித்தெழும் முன், இடையில் கிடக்கும் அந்நாட்களுக்கு விழாவுமில்லை, பெயருமில்லை.

அத்தகைய ஒரு பிற்பகலில், மருத்துவமனையில் கடும் நோயாளருக்கென ஒதுக்கியிருந்த சிறு விடுதியில், ஞானசேகரம் தம் இரு கைகளையும் முதுகின் பின்னே இறுகக் கோத்துக்கொண்டு நின்றார். எதிரே கட்டிலில் அவருடைய அக்கா பாக்கியரத்தினம் கிடந்தாள். வாயினூடே தொண்டைக்குள் இறக்கிய குழாயின் முனையில் கறுத்த இறப்பர்ப் பை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதை ஞானசேகரத்தின் மனைவி புவனம் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அமுக்கினால் அக்காவின் நெஞ்சு எழும், விட்டால் தாழும். மின்சாரம் காலையிலேயே போய்விட்டது. மின்பிறப்பாக்கிக்கு இருந்த எண்ணெய் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே போதவில்லை. சுவாச இயந்திரம் சுவரோரம் துணி போர்த்திக் கிடந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடி அமத்தோணும்?" என்றாள் புவனம்.

"விடியக் கண்டி றோட்டைத் திறப்பினமாம். திறந்தா அம்புலன்சில ஏத்தலாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

"விடியவோ?" புவனத்தின் கை விரைந்தது. அச்சம் கையில் ஏறினால் எவர்க்கும் அப்படித்தான். காற்று உள்ளே போய் முழுதும் வெளியேறுமுன் அடுத்த காற்றைத் திணித்துவிடுவார்கள்.

'மெல்ல' என்ற ஒரு சொல் ஞானசேகரத்தின் நாநுனிவரை வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

இதே விடுதியில் பிறர் மூச்சைப் பேணுவதே அவர் தொழிலாக இருந்தது. கொழும்பில் கற்றுப் பதிவு பெற்ற சுவாசச் சிகிச்சையாளர். ஆவணி மாதத்தில் கண்ணிவெடியில் சிக்கிய பேருந்திலிருந்து கொணர்ந்த ஒரு பெண்ணுக்கு, மருத்துவர் எவரும் அருகில் இல்லாத வேளையில், தாமே குழாயை இறக்கினார். அது மருத்துவர் மட்டுமே செய்யத்தகும் காரியம். அப்பெண் பிழைக்கவில்லை. விசாரணை முடியும்வரை பதிவை இடைநிறுத்தி வைப்பதாக மருத்துவச் சபை கட்டளையிட்டது. நோயாளி எவரது மூச்சுக்குரிய எந்தக் கருவியையும் அவர் தொடலாகாது. அதுபற்றி எவர்க்கும் வழிசொல்லவும் ஆகாது. மீறினால் பதிவு என்றென்றைக்குமாய் அழியும். மீற இடங்கொடுத்த தாதியின் பதிவும் உடன் போகும்.

அக்கட்டளையை அவர் பழித்ததில்லை. விதிக்கு அடங்காத கை எத்துணைத் திறமுடையதாயினும் நோயாளிக்கு ஆபத்து என்று பயிலவந்தவர்களுக்கு ஓதியவர் அவர்தாம். ஆயினும் அந்த விதி இப்படி ஒரு கட்டிலருகே வந்து நிற்கும் என்று அவர் எண்ணியதில்லை. இயந்திரம் ஓய்ந்த பொழுதில் பையை அமுக்குவது உறவினர் வேலை. தாயும் அமுக்கலாம், தாரமும் அமுக்கலாம். வழியில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டு அமுக்கச் சொல்லலாம். அந்த விடுதியில் அது விலக்கப்பட்டிருந்த ஒரே கை அவருடையது.

தாதி நஜ்முன் நிஸா வந்து நாடியைப் பார்த்தாள். கிண்ணியாக்காரி. உடன் பணிசெய்தோர் இடமாற்றம் பெற்றுப் போனபின் அவ்விடுதிக்கு எஞ்சியிருந்த பயின்ற தாதி அவள் ஒருத்தியே. விசாரணையில், "ஓம், குழாயை இறக்கினது அவர்தான்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னவளும் அவளே. அதற்காக ஞானசேகரம் அவள்மேல் மனவருத்தம் கொண்டதில்லை. அவளும் மன்னிப்புக் கேட்டதில்லை.

"அண்ணன், கதிரையில இருங்களன். நிண்டுகொண்டே இருக்கிறியள்."

"இருந்தா கை சும்மா இராது, மிஸி."

அவள் அவருடைய முதுகின் பின்னே கோத்திருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த மனைவியைப் பார்க்க வந்த ஆதம்பாவா, இதையெல்லாம் வெகுநேரமாகக் கவனித்திருந்தார்; விசாரணைக் கதையும் அவர் காதில் விழுந்திருந்தது. கரைவலை இழுக்கிறவர், கடல் மூடிய நாட்களில் வேறு போக்கிடமில்லாதவர். எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மகள், இஞ்ச விடுங்க. கை செத்துப்போகும் ஒங்களுக்கு. வலை இழுத்த கை இது, இண்டைக்கு மீனுமில்லாமச் சும்மா கிடக்கு."

புவனம் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைக்கவும் அஞ்சிச் சன்னலைப் பார்த்தார். தலையசைப்பும் வழிசொல்லுதல் ஆகுமோ என்ற ஐயம்.

"அவரை என்ன கேக்கிறீங்க? அவர் வாயில பூட்டுப் போட்டுத் திறப்பைக் கொழும்புக்குக் கொண்டு போயிட்டானுகள்" என்றார் ஆதம்பாவா.

அவருடைய மனைவி கட்டிலில் கிடந்தபடியே, "இவர்ட வாய்க்குத் திறப்புமில்ல, பூட்டுமில்ல. பொறுத்துக்கொள்ளுங்க தங்கச்சி" என்றாள். புவனம் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்தபடியே பையை அவரிடம் கொடுத்தாள். அவளுடைய உள்ளங்கைகள் சிவந்து கன்றியிருந்தன.

ஆதம்பாவாவின் கை வலிய கை. முதல் அமுக்கிலேயே அக்காவின் தோள்கள் அதிர்ந்தன. ஞானசேகரம் கண்ணை மூடிக்கொண்டார். காற்றின் விசையில் நொய்ந்த நுரையீரல் கிழிந்துபோவதை அவர் கண்டிருக்கிறார்.

"சத்தமில்லாம இழுக்கிறதுதான் எனக்குப் பழக்கமில்ல" என்றார் ஆதம்பாவா. "வலை இழுக்கக்க ஒருத்தன் அம்பா பாடுவான். பாட்டு வந்தா கை தன்ட பாட்டில வரும். இது என்ன, மையத்து வீடு மாதிரி எல்லாரும் பேசாம நிக்கிறீங்க!"

சாவு வீட்டைச் சொல்லிவிட்டது தமக்கே உறைத்து அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஞானசேகரம் மட்டும் கண்ணைத் திறந்து நஜ்முன் நிஸாவைப் பார்த்தார்.

"மிஸி, அக்காவின்ரை காதில ஒரு பதிகம் படிக்கலாமோ?"

அவர் கேட்பது வழிபாட்டுக்கு மட்டுமன்று என்பதை அவள் அறிந்தாள்; அவள் அறிந்தாள் என்பதை அவரும் அறிந்தார்.

"சாமி கும்பிடுறதை ஆரும் தடுக்க ஏலாது, அண்ணன்" என்றாள்.

அவர் குனிந்து அக்காவின் காதருகே பாடத் தொடங்கினார். கோயிலில் அவள் பாடும் முறையிலேயே பாடினார். மற்றவர் ஒரே மூச்சில் ஓடிவிடும் அடியைப் பாக்கியரத்தினம் நடுவிலே நிறுத்துவாள். நின்ற இடத்தில் மௌனம் ஒரு சீரின் அளவு இருக்கும். பின்பு மெல்ல எஞ்சியதை எடுப்பாள். அந்த நிறுத்தத்தில் இறைவன் செவிசாய்க்கிறான் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். ஞானசேகரம் அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் நிறுத்தினார்.

ஆதம்பாவாவின் கை முதல் அடியில் தடுமாறியது. இரண்டாம் அடியில் பாட்டைக் கண்டுகொண்டது. குரல் எழும்போது விரல்கள் மெல்ல மூடின. குரல் ஓயும்போது திறந்தன. அக்காவின் நெஞ்சு பதறாமல் எழுந்து, முழுதும் அடங்கி, மீண்டும் எழுந்தது. பாட்டின் பொருளை அவர் அறியார். ஆயினும் கண்ணை மூடி, தலையைச் சிறிதே சாய்த்து, கயிற்றின் பாரத்தை உணர்கிறவராய் அமுக்கினார். நஜ்முன் நிஸா கட்டிலின் கால்மாட்டில் நின்று சேலைன் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிகம் முடிந்ததும் மறுபடி தொடங்கினார். வெளியே ஒளி மங்கிற்று. சீனன்குடா விமானத்தளப் பக்கம் ஓர் உலங்குவானூர்தி இறங்கும் ஓசை கேட்டது. காயமுற்ற படையினரை மட்டும் ஏற்றிச்செல்வது அது. புவனம் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தித் தலைமாட்டில் வைத்தாள். அந்த வெளிச்சத்தில்தான் ஞானசேகரம் அதைக் கண்டார்.

நெஞ்சின் வலப்பக்கம் மட்டுமே எழுந்தது. இடப்பக்கம் அசையவேயில்லை.

குழாய் கீழே நழுவி ஒரு பக்கத்துக்குள் போயிருந்தால் இப்படி நேரும். சற்றே மேலே இழுத்தால் போதும். இரு பக்கமும் எழும். எத்தனையோ முறை அவர் கண்டு அறிவித்துத் திருத்திய பிழை. குரல் பாடிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு போர் நிகழ்ந்தது. சொன்னால் பதிவு போகும். போகட்டும். சொல்ல, அவள் கேட்டுச் செய்தால் நஜ்முன் நிஸாவின் பதிவும் போகும். அவளும் போனால் இந்த விடுதிக்கு யார்? பதினொரு பாட்டும் அந்த வினாவோடு முடிந்தன. மீண்டும் முதற்பாட்டு வந்தது. அக்காவின் உதடுகளில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

பாட்டின் நடுவிலே, அவள் நிறுத்தும் ஓர் இடத்தில், அவர் கேட்டுவிட்டார்.

"மிஸி, இடப்பக்கம் எழும்பேல்லை. குழாய்..."

ஆதம்பாவாவின் கை நின்றது. நஜ்முன் நிஸா நிமிர்ந்தாள்.

"பாடுங்க அண்ணன், நிப்பாட்டாதீங்க" என்றாள் முதலில். அவர் பாடினார். அவள் அருகே வந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"நீங்க கேட்டதைத் தம்பியின்ட கேள்வியா எடுக்கிறன், வழிசொன்னதா இல்ல. குழாய் சரியாத்தான் இருக்கு. டொக்டரும் பாத்தவர், நானும் பாத்தனான். அந்தப் பக்க நுரையீரல் சின்ன வயசில வந்த நெஞ்சு வருத்தத்திலயே அழிஞ்சு போச்சுதாம். காலைமை கரண்ட் போக முன்னம் எடுத்த எக்ஸ்ரேப் படத்தில இருக்கு. அவங்க இவ்வளவு காலமும் மற்றதாலதான் சீவிச்சிருக்கிறாங்க. இப்ப அதுவும் ஏலாமப் போகுது. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சம்."

அவருக்குத் தெரியாது. எத்தனையோ பேருடைய நெஞ்சில் செவி வைத்தவர், அக்காவின் நெஞ்சில் வைத்ததில்லை. இருமிக்கொண்டே அவள் கையைத் தட்டிவிடுவாள். "போடா, என்ரை மூச்சு உன்ரை உத்தியோகமில்லை" என்பாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அடியின் நடுவே அவள் நிறுத்தியது எதனால் என்பது இப்போது விளங்கிற்று. விளங்கிய பின்னும் அவர் அந்த இடங்களில் நிறுத்தியே பாடினார். வேறு எப்படிப் பாடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

இனிச் சபைமேல் சினங்கொள்ளவும் இடமில்லை. மறைத்து வைத்த சொல்லும் இல்லை, சொல்லியாயிற்று, பயனில்லை. முதுகின் பின்னே கோத்திருந்த கைகள் இரண்டும் தாமாகவே அவிழ்ந்து பக்கத்தில் தொங்கின. அவற்றால் ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

டொக்டர் சோமசேகரம் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வந்தார். அங்கி முழுதும் நனைந்திருந்தது. நாடியைத் தேடினார், நெஞ்சில் செவிக்குழாயை நெடுநேரம் வைத்திருந்தார், இமைகளை விலக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து புவனத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அம்மா, முடிஞ்சுது. இனிக் காத்து மட்டுந்தான் போய் வருது. அமத்துறதை விடச் சொல்லுங்கோ."

புவனம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

ஆதம்பாவா விடவில்லை. கண்கள் மூடியே இருந்தன. டொக்டர் சொன்னது அவர் செவியில் விழுந்ததோ இல்லையோ. பாட்டு நின்றாலன்றிக் கயிற்றை விடுகிற வழக்கம் அவர் கைக்கு இல்லை. பாக்கியரத்தினத்தின் நெஞ்சு ஞானசேகரத்தின் குரலுக்கு எழுந்தது, குரலுக்குத் தாழ்ந்தது. டொக்டர் ஆதம்பாவாவின் தோளைத் தொடக் கை நீட்டினார். நஜ்முன் நிஸா வேண்டாமென்று தலையசைத்தாள்.

எல்லோரும் ஞானசேகரத்தைப் பார்த்தார்கள்.

அவர் கடைசிப் பாட்டுக்கு வந்திருந்தார். முதலடி. நிறுத்தம். இரண்டாமடி. நிறுத்தம். மழையின் ஓசை ஓட்டின்மேல் ஒரே சீராய்க் கேட்டது. மூன்றாமடியை மிக மெல்ல எடுத்தார். நெஞ்சு எழுந்தது. ஈற்றடியின் முன்பாதியைப் பாடி, அக்கா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். எஞ்சிய பாதியை எடுக்க வாய் திறந்தார். பின்பு அதை அவளுக்கே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆதம்பாவாவின் விரல்கள் திறந்தபடியே நின்றன. பை மெல்லக் காற்றை வாங்கித் தானே நிமிர்ந்துகொண்டது. அவர் கண் விழித்து, கட்டிலைப் பார்த்தார்; ஞானசேகரத்தைப் பார்த்தார். பையைக் கட்டிலின்மேல் ஓசையின்றி வைத்தார்.

நஜ்முன் நிஸா குழாயை எடுத்தாள். வாயோரத்தைத் துடைத்தாள். பிறகு ஓரடி பின்வாங்கி, "இனி நீங்க தொடலாம், அண்ணன்" என்றாள்.

புவனம் தன் கைப்பையிலிருந்து திருநீற்றுச் சம்புடத்தை எடுத்துத் திறந்து நீட்டினாள். ஞானசேகரம் வலக்கையின் மூன்று விரல்களையும் அதில் தோய்த்தார். அவை பழகிய வேலையைச் செய்கிற விரல்களாகவே இருந்தன. அக்காவின் நெற்றியில் மயிர் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கி, இடமிருந்து வலமாக, மெல்ல நீற்றைப் பூசினார். பூசிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார். நெற்றியில் இன்னும் சூடு இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஆதம்பாவாவின் மனைவி எழுந்து உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆதம்பாவா தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பாராமல் சொன்னார்:

"ஆண்டவன் அவங்கட வழியை இலேசாக்கி வைப்பான். தம்பி, ஒங்கட கையையும் அவன் காப்பாத்தட்டும்."