ஆறு டிக்

பலகையில் சிவப்பு எழுத்தில் பதினொன்று எரிந்தது. மனைவியின் கையில் இருந்த டோக்கன் பதினேழு. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தால் ஒரு மணி நேரம். அதற்குள் அவன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் எதிரே இருக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று நரம்பு டாக்டரிடம் சொல்லப் போகிறாள். அவளுக்கு எந்த நோயும் இல்லை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இன்டர்வியூவுக்கு வந்தவள் மாதிரி. ஃபைலில் ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள், அவளுடைய அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒற்றை அட்டை. உள்ளங்கை அகலம். முன்பக்கம் ஒரு கேள்வி, பின்பக்கம் பதில், ஓரத்தில் பச்சை மையில் ஆறு டிக். அதுதான் டாக்டரிடம் காட்டப் போகும் சாட்சி. ஆறு டிக்கும் அவன் கையால் போட்டவை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவு கிளார்க். நிதித் துறையின் அந்தப் பெரிய பரீட்சைக்கு மூன்று படிகள். இரண்டு படிகளை ஒரே மூச்சில் ஏறியவளை மூன்றாவது படி இரண்டு தடவை தள்ளிவிட்டது. இந்தத் தடவை படிக்கும் முறையையே தலைகீழாக மாற்றினாள். "புக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறதும் கலர் கலரா கோடு போடுறதும் படிப்பே இல்லங்க. தெரிஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து இழுத்து எடுக்கணும். வலிக்கணும். வலிச்சாத்தான் உள்ள நிக்கும்" என்றாள். அவனுடைய பூட்ஸ் வந்த பெட்டியை எடுத்து, அட்டை வைத்து ஐந்து அறைகளாகத் தடுத்தாள். அறுநூற்று நாற்பது அட்டைகளைத் தன் கையால் எழுதினாள். முதல் அறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒரு முறை, அப்படியே நீண்டு ஐந்தாவது இரண்டு மாசத்துக்கு ஒரு முறை. சரியாகச் சொன்னால் அட்டைக்கு ஒரு டிக், அடுத்த அறைக்குப் போகும். கடைசி அறைக்கு வந்துவிட்டால் அங்கேயே இருக்கும். எந்த அறையில் தப்பினாலும் நேராக முதல் அறைக்கு.

"நம்ம லிஃப்டை விட மோசமா இருக்கே ஆபீசர்! அஞ்சாம் மாடியில காலை வச்சா ஒரேயடியா தரைக்கு வரணுமா?" என்று கேட்டான் அவன்.

"லிஃப்ட்காரரே, கேள்வி மட்டும் கேளுங்க. பரிதாபப்பட்டு ஏத்திவிடக் கூடாது. தப்புன்னா தப்புதான்."

தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலை வாருவாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்பான். ஒரு வரியும் அவனுக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவள் சொல்வதைப் பின்பக்கத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குதிரைக்கு லாடம் அடிக்கிறவனுக்குக் குதிரை ஓட்டத் தெரிய வேண்டுமா என்ன?

பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கும்போது அது நடந்தது. நாலு நாள் ஜுரத்தில் கிடந்து எழுந்திருந்தாள். முதல் அறை பிதுங்கி வழிந்தது. அன்று வரிசையாகப் பத்து அட்டை தப்பு. பதினோராவது அட்டை: 'கடன் பத்திரத்தின் கூப்பன் கூடினால் அதன் டியூரேஷன் கூடுமா, குறையுமா?'

"கூடும்" என்றாள். சீப்பு பாதி முடியில் நின்றது. மூடிய இமைகள் நடுங்கின. "சரியா?"

பின்பக்கத்தில் 'குறையும்' என்று இருந்தது.

"சரி" என்றான் அவன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க மறுநாள் இன்னொரு அட்டை. அப்புறம் இன்னொன்று. பொய்யாகப் போட்ட டிக்கை மட்டும் வால் இல்லாமல் குட்டையாகப் போட்டான். உடம்பு தேறியதும் அவற்றைத் தேடி எடுத்து இறக்கிவிடலாம் என்று திட்டம். இறக்கவில்லை. அட்டைகள் ஒவ்வொரு மாடியாக ஏறி ஐந்தாவது அறையில் போய் உட்கார்ந்துகொண்டன. அவளும் தப்பான பதிலையே சரியென்று நம்பி, இறுக்கமாக மனதில் அறைந்துகொண்டாள். மாதிரித் தேர்வில் மார்க் குறைந்தபோது, 'கவனக்குறைவு' என்று தப்பு நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்தாள். பெட்டி பொய் சொல்லாது என்று அவளுக்கு நம்பிக்கை.

வேலையில் அவன் இப்படிச் செய்ததே இல்லை. எடை ஏற்றிப் பார்க்காத லிஃப்டுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலதிகாரியோடு சண்டை போட்டு, வரவேண்டிய பதவி உயர்வை விட்டவன்.

பலகையில் பதிமூன்று.

பரீட்சை ஹாலிலிருந்து வந்த அன்றே அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆறு தடவை சரியா சொல்லியிருக்கேன். ஹால்ல 'கூடும்'னு எழுதியிருக்கேன். அதுவும் எவ்வளவு தைரியமா!" ஹாலில் தப்பாக எழுதியவற்றை அட்டை அட்டையாக எடுத்தாள்; எல்லாவற்றிலும் டிக். தோல்வி என்று ரிசல்ட் வந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று மட்டும் சொன்னாள். அம்மா ஐம்பதில் சாவியைத் தொலைக்க ஆரம்பித்து, கடைசியில் பெற்ற மகளையே 'நர்சம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தவள். இவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று.

அதன் பிறகு அடுப்புக்கு மேலே 'அணைத்தாயா?' என்று ஒரு சீட்டு. கதவில் 'சாவி' என்று ஒரு சீட்டு. இனிமேல் பரீட்சை எழுதப் போவதில்லை, தலைமை அலுவலகத்து வேலைக்கான பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஆபீசுக்கு ஒரு கடிதம். போன வாரம் விடிகாலையில் அவன் கண் விழித்தபோது, அவள் ஒருக்களித்துப் படுத்து அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மனப்பாடம் பண்றேன்."

பதினைந்து.

எதிர் வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்த மனைவியிடம், "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். "இதோ வந்துடும்" என்றாள் அந்த அம்மாள், முதல் தடவை சொல்வது போலவே.

"இதோட இருபத்திரண்டு தடவை கேட்டுட்டாரு. எண்ணிட்டே இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள் இவள். "நானும் அப்படிக் கேக்க ஆரம்பிச்சா, என் மேல கோபப்படாதீங்க. என்ன?"

அவனுக்குள் ஏதோ ஒரு கயிறு அறுந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "அந்த டிக்... நீ தப்பாத்தான் சொன்ன. நான்தான் சரின்னேன்."

அவள் திரும்பவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"எதுக்கு?"

"ஜுரம் விட்டப்புறம் அழுதுட்டே இருந்த. பார்க்க முடியல."

பதினாறாம் டோக்கன்காரர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவள் ஃபைலின் நாடாவை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

"நான் அழுதது நாலு நாள்தான். முப்பத்தொண்ணு நாலு நாள்ல வராதே" என்றாள். "பாஸ் பண்ணியிருந்தா தலைமை ஆபீசுக்குப் போயிருப்பேன். ரயில்ல ஒரு பகல் தூரம். அதுக்காகவா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். 'தாராளமா போ, நான் என்ன சின்னப் பிள்ளையா, சோறு பொங்கத் தெரியாதா' என்று அவளை உற்சாகப்படுத்தியவன் அவன்தான். அப்படிச் சொல்லிவிட்டு மொட்டைமாடியில் போய் வெகுநேரம் நின்றவனும் அவன்தான். வாலில்லாத டிக்குகளைத் தேடி இறக்க ஏழு மாதம் நேரமில்லாமல் போனது எதனால்? இதுவரை அவன் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"தெரியல" என்றான்.

அவள் உறையிலிருந்து அட்டையை உருவி அவன் கையில் வைத்தாள். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளுங்க."

"இங்க வேண்டாம். வா, வீட்டுக்குப் போயிடலாம்..."

"கேளுங்க."

அவன் படித்தான். கூப்பன் கூடினால், டியூரேஷன்.

"குறையும்."

"சரி" என்றான்.

கதவு திறந்தது. பலகையில் எண் மாறியது. "பதினேழு" என்று நர்ஸ் கூப்பிட்டாள். "பதினேழு யாரு?"

அவள் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள். போன வாரம் விடிகாலையில் பார்த்த பார்வை இல்லை அது. பிறகு கையை நீட்டி, அவன் விரல்களுக்கு இடையிலிருந்து அட்டையை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.