ஓரடி தண்ணீர்

எங்கள் ஊர் ஆற்றுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இருநூறு வருடத்தில் மூன்று முறை முகத்துவாரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. அன்று கப்பலைக் கட்டிய இரும்பு வளையங்கள் இன்று தபால் நிலையச் சுவரில் இருக்கின்றன, சைக்கிளைப் பூட்டுகிறோம். பழைய சுங்க அலுவலகத்தின் வாசல் பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கப்பல்கள் எங்களை எப்போதோ கைகழுவிவிட்டன. மிஞ்சியது மீன்பிடிப் படகுகளும், முகத்துவாரத்தை அடைக்கும் மணல்மேடும், அந்த மேட்டின் மேல் எத்தனை அடி தண்ணீர் என்று வயர்லெஸ்ஸில் சொல்லும் நானும்தான்.

அன்று மதியம் ஜன்னல் வழியே தண்ணீரில் நட்ட கம்பத்தின் அளவுப் பலகையைப் பார்த்து, "ஒன்பது அடி, வரலாம்" என்றேன். வெளியே நின்றது அண்ணனின் படகு. உள்ளே எட்டுப் பேர். மீன் நிரம்பிய அந்தப் படகு தட்டாமல் வர எட்டரை அடியாவது வேண்டும்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். கம்பத்தில், பலகைக்கு ஓரடி மேலே, பழைய ஆணி ஓட்டைகள். நேற்றுதான் பெயிண்டர் பலகையைக் கழற்றிப் புது வண்ணம் பூசி மாட்டியிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏன் இவ்வளவு இறக்கி அடிச்சீங்க?"

"மாட்டுறப்ப தண்ணி வத்தி நான் நின்ன படகு இறங்கிடுச்சு, மேல கை எட்டலம்மா. நம்பரெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன்?"

நம்பர் சரிதான். தண்ணீர்தான் எட்டு அடி. மேட்டில் தட்டிய படகை அலை பக்கவாட்டில் அடித்துப் புரட்டிவிடும். கூப்பிட்டேன். பதில் இல்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அண்ணியிடம் என்னவென்று சொல்வேன்?

"என்னம்மா, எதுக்கு இந்தக் கத்து கத்துற? வலை பக்கத்துல இருந்தேன்." அண்ணனின் குரல்.

"அண்ணா, உள்ள வராத! எட்டு அடிதான் இருக்கு!"

"நான் எங்க வந்தேன்? வெளியேதான் நிக்கிறேன். நீ ஒன்பதுன்னு சொன்னா நான் எட்டுன்னுதான் எடுத்துக்குவேன்."

"எப்ப இருந்து?"

"நீ வேலையில சேர்ந்த நாள்ல இருந்து."

பதினோரு வருடம். அப்படியே உட்கார்ந்து அழுதேன். போன உயிர் திரும்பி வந்த அழுகை பாதி, ஆத்திரம் பாதி. இத்தனை வருடமும் அரை அங்குலம் பிசகாமல் சொன்னவள் நான்.

"எல்லாருமே என் கணக்குல ஒரு அடி கழிக்கிறீங்களா?"

"சேச்சே, தங்கச்சியாச்சேன்னு நான் மட்டும்தான் ஒரு அடி. மத்தவங்க ரெண்டு."