இங்க நின்னுருக்கானுங்க

தார் போகவில்லை.

கனிமொழி அப்பாவின் வலது குதிகாலில் தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்புகளுக்குள் கறுப்பு ஏறியிருந்தது. மேலே கொஞ்சம் இளகியது. உள்ளே அப்படியே இருந்தது.

"மண்ணெண்ண இருந்தா கொண்டாங்கடி," என்றாள் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்த அத்தை.

"எதுக்கு? கல்யாணத்தன்னிக்கே இந்தக் காலோடதான் மணையில வந்து குந்துனாரு," என்றாள் அம்மா கோவிந்தம்மாள். "வுடு கண்ணு. போதும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியது.

அப்பா மாரப்பன் விடியற்காலையில் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பி, பூட்ஸை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பாலக்கோடு, அரூர், தீர்த்தமலை என்று ஊர் ஊராகத் தார் ரோடு போட்டவர். சொந்த ஊர் ரோடு இப்போதுதான் வந்திருந்தது. வாசலில் நின்றால் வேலை நடப்பது தெரியும். நேற்று இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு நம்ம வூட்ட தாண்டிடுவோம்" என்று சொல்லியிருந்தார்.

சவுரியப்பன் மாலையோடு வந்தார். ஆரஞ்சு சட்டையைக் கழற்றவில்லை. ரோடு போடும் மிஷினை ஓட்டுபவர் அவர். மாரப்பன் அதன் பின்னால் நின்று, தார்க்கலவையைப் பரப்பும் தகட்டின் அடியில் விழும் கனத்தைப் பார்ப்பார். பல வருடங்களாக முன்னும் பின்னுமாக வேலை செய்தவர்கள்.

மாலையைப் போட்டார். காலைத் தொட்டார். வெளியே வந்து நின்றார்.

பெரியப்பா மகன் முருகேஷ் அவரிடம் போனான். "எடுக்கறப்ப மிஷினு ஓடக்கூடாதுங்க. பொணம் போனா பஸ்ஸே நிக்குது."

"கலவ லோடு வந்துட்டிருக்குது தம்பி. பிளாண்ட்டுலேர்ந்து கெளம்பிட்டா சூட்டோட போட்டாவணும். ஆறிட்டா வெறுங்கல்லு."

"அதுக்கு?"

சவுரியப்பன் மிஷின் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். "நிறுத்திடறேன். மாரண்ணனுக்கு நிறுத்தாம வேற யாருக்கு நிறுத்தறது."

எண்ணெய்க் கையோடு கனிமொழி வாசலுக்கு வந்தாள்.

"நிறுத்தாதீங்க மாமா."

முருகேஷ் திரும்பினான். "நீ உள்ள போ."

"நிறுத்தாதீங்க," என்றாள் மறுபடியும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவோடு பஸ்ஸில் ஒகேனக்கல் போயிருக்கிறாள். அவர் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பஸ் லேசாகத் தூக்கிப் போட்டது. கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "இங்க நின்னுருக்கானுங்க."

"யாருப்பா?"

"ரோடு போட்டவனுங்க. மிஷினு நின்னா கீழ இருக்கற கலவ ஆறிடும். தகடு அழுந்திடும். மறுபடி கெளம்பறப்ப மேடு வுழும். ரோலரு ஏறியும் போவாது."

அடுத்த மேட்டில், "லோடு லேட்டு" என்றார். அதற்கடுத்ததில், "இது டீ." அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பென்னாகரம் தாண்டி ஒரு மேடு வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

"இது யாருப்பா?"

"நான்தான். நீ பொறந்துட்டேன்னு போன் வந்துச்சி. சந்தோசத்துல கைய தூக்கிட்டேன். சவுரி நிறுத்திட்டான்." ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "தப்பு. நல்லதுக்கும் நிறுத்தக்கூடாது, கெட்டதுக்கும் நிறுத்தக்கூடாது. ரோட்டுல போறவனுக்கு அதெல்லாம் என்னா தெரியும்? அவனுக்குத் தூக்கிப் போடுது, அவ்ளோதான்."

சவுரியப்பன் இப்போது அவளைப் பார்த்தார். பென்னாகரம் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கலாம். தலையை மட்டும் அசைத்துவிட்டு மிஷினை நோக்கி நடந்தார்.

மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். ரோட்டின் இடது பாதியில் வேலை நடந்தது. வலது பாதி வண்டிகளுக்காக விட்டிருந்தது. மேளமும் பாடையும் அதில் போயின. பெண்கள் பின்னால் நடந்தார்கள். தக்காளிப் பெட்டிகள் அடுக்கும் கொட்டகை வரைதான் பெண்கள் போவார்கள். அங்கே பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவார்கள். அதன் பிறகு ஆண்கள் மட்டும்.

மிஷின் முன்னால் தெரிந்தது. நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அது விட்டுவந்த கறுப்பின் மேல் ரோலர் போய்ப் போய் வந்தது. பக்கத்தில் நடந்தவர்களுக்கு அனல் அடித்தது. பாடை தூக்கியவர்கள் வெறுங்காலோடு இன்னும் ஓரம் ஒதுங்கினார்கள்.

கனிமொழிக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது.

திரும்பிப் பார்த்தாள். கலவை ஏற்றி, தார்ப்பாய் மூடிய டிப்பர். மேலே காற்று நெளிந்தது. டிரைவர் கதிரவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி நின்றான்.

"ஏண்ணா நின்னுட்டீங்க?"

"பொணத்த எப்பிடிம்மா முந்தறது? பாவம்."

அவள் மிஷினைப் பார்த்தாள். அதன் முன்பக்கத் தொட்டியின் இரண்டு இறக்கைகளும் மெதுவாக மேலே மடங்கிக்கொண்டிருந்தன. ஓரங்களில் மிச்சமிருக்கும் கலவையை நடுவில் சேர்ப்பதற்காக அப்படி மடக்குவார்கள். அப்பா சோற்றுத்தட்டை ஓரமாகச் சாய்த்துக் காட்டியிருக்கிறார். இறக்கை மடங்கினால் கலவை தீரப்போகிறது என்று அர்த்தம்.

சவுரியப்பன் திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை. கையும் காட்டவில்லை.

கனிமொழி ஓடினாள். பெண்களைத் தாண்டி, பாடையைத் தாண்டி, மேளக்காரர்களுக்கு முன்னால் போய் நின்றாள். அவிழ்ந்த முடி வாயில் அடித்தது.

"எறக்குங்க. ஓரமா எறக்கி வைங்க. லாரி போவணும். மிஷினு நின்னா மேடு வுழும்."

மேளம் நின்றது.

"பைத்தியமா புடிச்சிருக்குது?" என்றான் முருகேஷ். பாடையின் முன்கொம்பு அவன் தோளில் இருந்தது. "லாரிக்கு வழிவுட்ட பொணத்த எங்கனா பாத்திருக்கியா? எறக்கற எடமே இன்னும் வர்ல."

"இதான் எடம். இங்கியே மாத்திக்குங்க."

"பொட்டப்புள்ள சொல்ற எடத்துலயா?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழுது கட்டிப்போன குரல். "எறக்குடா முருகேசு. அந்த மனுசன் உசுரோட இருந்தா லாரிக்கு அவரே கைகாட்டி வுட்டுருப்பாரு."

முருகேஷ் மிஷினைப் பார்த்தான். இறக்கைகள் முழுக்க மடங்கியிருந்தன. பாடையை மண் ஓரத்தில் இறக்கினார்கள்.

லாரி வந்தது. அருகில் வந்ததும் இன்னும் மெதுவானது. கதிரவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறுகையை நெற்றியில் வைத்துக்கொண்டான். சூடும் தார் நெடியும் பாடையின் மேல் வந்து படிந்தன. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வரும் நெடி.

கலவை தயாராகும் பிளாண்ட்டை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். படுக்கவைத்த பெரிய உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள் தீ. ஜல்லி உள்ளே மழைபோல விழுந்து விழுந்து காய்ந்தது. ஈரம் சுத்தமாகப் போனால்தான் தார் கல்லைப் பிடிக்கும் என்றார் அப்பா. அந்தச் சத்தத்தில் அவர் சொன்ன மற்றது எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லும் கறுப்பாகப் பளபளத்து வெளியே கொட்டியது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லாரி மிஷினைத் தாண்டிப் போய் இடப்பக்கம் திரும்பி, பின்னோக்கி வந்தது. பின்சக்கரங்கள் மிஷினின் உருளைகளைத் தொட்டன. மிஷின் லாரியைத் தள்ளிக்கொண்டே நகர்ந்தது. லாரி தூக்கிக் கொட்டியது. இறக்கைகள் விரிந்தன.

நிற்கவில்லை.

கனிமொழி மிஷினின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தகட்டுக்கு அடியிலிருந்து ரோடு வந்துகொண்டிருந்தது. ஒரு மடிப்பில்லை, ஒரு குழியில்லை. ஆவி எழுந்து எழுந்து அடங்கியது. கறுப்பின் மேல் வெயில் அகலமாகக் கிடந்தது. தகட்டுக்குப் பக்கத்தில், அப்பா நிற்கும் இடத்தில், யாரோ புது ஆள் நின்றிருந்தான். தினமும் அப்பா பார்த்தது இதுதான். இவ்வளவு பெரியது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தலைமாடு மாற்றினார்கள். அவள் அப்பாவின் காலைத் தொட்டாள். குதிகாலில் எண்ணெய் மினுங்கியது.

பாடை எழுந்தது. பெண்கள் அங்கேயே நின்றார்கள்.

மேளம் உடனே தொடங்கவில்லை. ஆடிக்கொண்டு வந்த பையன்கள் சும்மா நடந்தார்கள். மிஷினுக்குப் பக்கத்தில் போனதும் பாடையின் வேகம் குறைந்தது. யாரும் சொல்லாமலே குறைந்தது. மிஷினும் பாடையும் ஒரே நடையில் போயின. பூ இறைத்துக்கொண்டு வந்தவன் இடப்பக்கம் கை ஓங்கினான். புதுக் கறுப்பைப் பார்த்தான். கையைத் திருப்பி, மண் பக்கம் போட்டான்.

சவுரியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பாடையின் பக்கம் திரும்பவில்லை. கண் நேராக இருந்தது. கை லீவரில் இருந்தது.

மறுநாள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனார்கள். முருகேஷ் டாட்டா ஏஸ் ஓட்டினான். கனிமொழி முன்சீட்டில் உட்கார்ந்து சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாய் வரைக்கும் ஊத்திட்டாங்க," என்றான் முருகேஷ். "ரோட்டுலியே தெளிச்சிட்டுப் போவப்போற."

வண்டி புது ரோட்டில் ஏறியது. சத்தம் சட்டென்று அடங்கியது. முருகேஷ் மண் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். வாடிய பூக்கள் வந்தன. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

தக்காளிக் கொட்டகை வந்தது. போனது.

"எங்க அந்த மேடு?" என்றான்.

"தாண்டிட்டோம்ணா."

அவன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். சொம்பின் விளிம்பில் பால் அசையாமல் நின்றிருந்தது.