சத்தமில்லாத சைலன்சர்

மூன்று சைலன்சர்களும் கடையின் தகர மேசைமேல் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்து, அதன் வாயில் பொருத்தியிருந்த வலையை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிய எஃகுக் கம்பியில் பின்னிய சல்லடை. புகை வெளியே போகலாம், நெருப்புப் பொறி போகக்கூடாது.

“உள்ள புதையலா இருக்கு? எட்டிப் பார்த்தது போதும், கீழ வை,” என்றார் கடைக்காரர்.

காட்டுப்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கான சாமான் அந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் கிடைக்கும். எல்லோரும் அவரை மௌனி என்று கூப்பிட்டார்கள். வாயை மூடத் தெரியாத மனிதர் என்பதால் வந்த பெயர். அவரும் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டு கடைப் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீ கடைசல் பட்டறைக்காரன். ‘இது என்ன பெரிய கம்பசூத்திரம், நானே கடைஞ்சு மாட்டிக்கறேன்’னு உன் மனசுல ஓடும். ஓடவேண்டாம். முத்திரை நம்பர் இல்லாத குழாயைக் காட்டுக் கேட்டுலயே கழட்டி வச்சுக்குவாங்க. அப்புறம் நீ வண்டியத் தோள்ல தூக்கிட்டு வரணும்.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சா சரி. இது சின்னது. இப்ப இருக்கற குழாய்க்குள்ளயே அடைப்பு மாதிரி சொருகிக்கலாம். சத்தம் கொஞ்சம் குறையும், சூடு ரொம்ப ஏறும். வேண்டாம். நடுவுல இருக்கே, அது ராசா. வலை உண்டு, எடை கம்மி, மேடு ஏறும்போது மூச்சு வாங்காது. சத்தச் சோதனையில தொண்ணூத்திரண்டு டெசிபல் காட்டும். தொண்ணூத்து நாலு வரைக்கும் விடறாங்க. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போ.”

“மூணாவது?”

“அதையா? அது பன்னி மாதிரி கனக்கும். நீளமும் ஜாஸ்தி. வலையும் உண்டு, உள்ள சத்தத்தைக் குடிக்கற பஞ்சு ரெண்டு சுத்து. சத்தம் எண்பத்தாறுதான். ஆனா வண்டி கிழவனாட்டம் போகும். நாலு வருஷமா ஒரு பய சீண்டல. சத்தத்துக்காகத்தானே இந்த வண்டியே வாங்கறானுங்க?”

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

“அண்ணே, வண்டி மெதுவா போய்க்கிட்டிருக்கு. நூறடி தள்ளி ஒரு ஆள் கூப்பிடறாரு. பெரிய குரல் இல்ல, வயசானவரு. எந்தக் குழாய் மாட்டினா எனக்குக் கேக்கும்?”

மௌனி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். மேசைமேல் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாயிருந்த கையை மறுபடி துடைத்தார். தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் நகர்ந்து, நின்று, போனது. பிறகு மூன்றாவது குழாயைத் தூக்கி அவன் பக்கம் நகர்த்தினார்.

“கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டை ஒரு அளவு சின்னதா மாத்திடு. இல்லாட்டி கரும்புகை தள்ளும்,” என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

அவனுடைய அப்பா காணாமல் போய் முப்பத்தெட்டு நாளாகியிருந்தது.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடங்களாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது. அக்காவை, இறந்துபோன அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் சாப்பாடு கேட்பார். இஞ்சின் சத்தம் மட்டும் மறக்கவில்லை. தெருமுனையில் இவன் வண்டியின் உறுமல் கேட்டதும், “வந்துட்டான் பாரு, ஊரையே எழுப்பிக்கிட்டு,” என்று வாசலுக்கு வந்து நிற்பார்.

அந்த உறுமலும் இவன் வாங்கி மாட்டியதுதான். பந்தய வண்டிகளுக்கான திறந்த குழாய்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, முறுக்கி முறுக்கிச் சத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். வண்டியை உள்ளே கொண்டுவந்தபோது திறந்த பின்கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. கால்மணி நேரம் கழித்து இஞ்சினை நிறுத்தித் திரும்பினபோது கேட் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தையற்காரர் மறுநாள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அப்பா உன் பின்னாடிதாம்பா நின்னாரு. ‘டிப்போவுக்கு நேரமாச்சு, கொண்டுபோய் விடறியா’ன்னு மூணு தடவ கேட்டாரு. நீ திரும்பவே இல்ல. நான் ஜன்னல்லேர்ந்து கத்தினேன், அதுவும் உனக்குக் கேக்கல. சரி, வாசல்லதான் நிப்பாருன்னு நெனச்சேன்.”

அப்பா கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் வழித்தடம் காட்டுக் கேட்டில் முடியும். அந்த வழியே நடந்திருக்கிறார். கேட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் உள்ளே அவருடைய ஒரு செருப்பு கிடைத்தது. பத்து நாள் ஆட்களும் நாய்களும் தேடினார்கள். அதன் பிறகு அவன் மட்டும் தேடினான். பட்டறை விடுமுறை நாட்களிலெல்லாம் உள்ளே போய், ஒவ்வொரு வளைவிலும் இஞ்சினை நிறுத்திக் கூப்பிடுவான். ஆனால் அந்தக் குழாயின் சத்தம் இஞ்சின் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது அடங்குவதற்குள் அடுத்த வளைவுக்குப் போகும் அவசரம் வந்துவிடும். இரண்டு வளைவுகளுக்கு நடுவே அப்பா கூப்பிட்டிருந்தால்? இந்த ஒரு கேள்விதான் அவனைத் தினமும் எழுப்பிப் பட்டறைக்கு அனுப்பியது. சாப்பிட வைத்ததும் அதுதான்.

பின்கட்டில் உட்கார்ந்து பழைய குழாயைக் கழற்றும்போது அக்கா வந்து படியில் நின்றாள். அவள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். வேலையிலிருந்து வந்த உடுப்பையே இன்னும் மாற்றவில்லை.

“இதைக் கழட்டியே ஆகணுமா?”

“கேட்டுல விடமாட்டேங்கறாங்கக்கா. தேடறதுக்குக் குடுத்த அனுமதி முடிஞ்சுபோச்சு. இனிமே சாதாரணமா வண்டி ஓட்டறவன் மாதிரிதான் போகணும். வலையும் வேணும், சத்தமும் குறையணும். காடு காஞ்சு கிடக்கு, ஒரு பொறி விழுந்தா போதும்.”

“அது புரியுது. நெருப்பு வச்சுடாத, அவரு உள்ள இருக்காரு.” ஒரு படி இறங்கினாள். “ஆனா வலை போட்டு, சத்தமும் இருக்கற மாதிரி ஒண்ணு இல்லையா? இருக்கறதுலயே ஊமையாப் பார்த்து வாங்கிட்டு வந்திருக்கியே.”

“அவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்.”

“உன் சத்தம் அவருக்குக் கேக்க வேண்டாமா? என் பேரு மறந்துபோச்சு அவருக்கு. அந்தச் சத்தம் மறக்கல. கேட்டா எழுந்து வருவாருடா. ஊரையே எழுப்பிக்கிட்டு வந்துட்டான்னு திட்டிக்கிட்டாவது வருவாரு.”

அவன் ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவள் சொல்வது சரி. அவன் சொல்வதும் சரிதான். எழுந்து வரமுடிந்தவர் முப்பத்தெட்டு நாளாக ஏன் வரவில்லை என்பதை அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒரு காகம் மதிலில் வந்து உட்கார்ந்து, இருவரையும் பார்த்துவிட்டுப் பறந்தது.

“எப்படியோ செய். எனக்கு ஒண்ணும் புரியல,” என்றாள் அக்கா. உள்ளே போகுமுன் இறங்கிப்போய்ப் பின்கேட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அதற்குத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. அப்பா வந்தால் திறக்கத் தெரியாது என்பாள்.

மறுநாள் காலை காட்டுக் கேட்டில் சத்தமானியோடு காவலர் காத்திருந்தார். கருவியைக் குழாயின் வாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சாய்வாகப் பிடித்து, “முறுக்கு... இன்னும்... போதும்,” என்றார். முள் எண்பத்தாறில் நின்றது. அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் எண்பத்தாறு.

“என்னப்பா இது, தையல் மெஷினக் கொண்டு வந்திருக்கியா?” என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை முழுங்கினார். குனிந்து குழாயின் முத்திரை எண்ணைக் குறித்துக்கொண்டார். வருகைப் புத்தகத்தைத் திறந்து, ‘காரணம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி நின்றார். முந்தைய எல்லாப் பக்கங்களிலும் அவன் வண்டி எண்ணுக்கு எதிரே ‘தேடுதல்’ என்றுதான் இருந்தது.

“தம்பி, தேடுதல்னு இனிமே எழுத முடியாது. மேலேர்ந்து சொல்லிட்டாங்க. வேற ஏதாவது சொல்லேன்.”

“நீங்களே எழுதுங்க சார்.”

காவலர் எழுதினார். கையெழுத்துப் போடும்போது அவன் அதைப் பார்த்தான். ‘பொழுதுபோக்கு.’

“அஞ்சு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன்,” என்றார் அவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

வண்டி மௌனி சொன்னபடியே கிழவனாட்டம்தான் ஏறியது. ஆனால் முதல் மேட்டிலேயே அவனுக்குக் காட்டின் சத்தம் கேட்டது. இத்தனை நாள் வந்தும் ஒருநாளும் கேட்காதது. டயரின் கீழே சருகு நொறுங்குவது கேட்டது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டித் தட்டி நிறுத்தியது. பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று கவனித்தான். இல்லை, காய்ந்த மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. செருப்புக் கிடைத்த இடத்தைத் தாண்டினான். வளைவுக்கு வளைவு நின்று கூப்பிட்டான். “அப்பா, டிப்போவுக்கு நேரமாச்சு, வாங்க, கொண்டுபோய் விடறேன்.” கூப்பிட்டு முடித்ததும் காதுக்குள் எந்த இரைச்சலும் இல்லை. அவன் குரல் போய் எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வருவது எழுத்துக்கு எழுத்து கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

வளைவுகளுக்கு நடுவிலும் ஒன்றுமில்லை.

மதியத்துக்குள் பாதை முழுவதையும் ஓட்டி முடித்திருந்தான். திரும்பி வந்து மறுபடி ஓட்டினான். மூன்றாவது தடவை ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வெகுநேரம் அசையாமல் இருந்தான். ஒரு ஆள் மூச்சுவிட்டால்கூடக் கேட்டிருக்கும். பழைய குழாய் இருந்தவரை, கூப்பிட்டிருப்பார், எனக்குத்தான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. குற்றம் தன்னுடையது என்றாலும் அதில் அப்பா உயிரோடு இருந்தார். இப்போது குற்றம் சொல்ல ஒரு சத்தமும் மிச்சமில்லை. குழாயின் வலையில் கை வைத்துப் பார்த்தான். சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டைக் கடந்தான். காவலர் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

வெயில் இன்னும் மாடிச் சுவர்களில் இருந்தது. தெருமுனையில் திரும்பும்போது தையற்காரர் ஜன்னலில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இஞ்சினை நிறுத்தி, வண்டியைப் பிடித்தபடியே ஒரு கையால் பின்கேட்டைத் தள்ளினான். கீல் எப்போதும்போல் நீளமாகக் கிறீச்சிட்டது.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. ஓடிவரும் காலடிகள். படியில் ஒன்றைத் தாண்டிக் குதித்த சத்தம்.

“அப்பா!”

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு முகத்தை அவளிடம் அவன் பார்த்து எத்தனையோ வருடங்களாகியிருக்கும். பள்ளிக்கூட நாட்களில், அப்பா ராத்திரி வண்டி முடித்து விடியலில் வரும்போது இருந்த முகம். அது அவனைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தது. பிறகு மெல்ல மெல்ல அணைந்தது.

உருண்டுகொண்டிருந்த பாத்திரம் உள்ளே எங்கோ முட்டி நின்றது.

“வண்டி வர்ற சத்தமே கேக்கல,” என்றாள் அவள்.

அவன் தலையசைத்தான்.

அவள் இறங்கி வந்து, வண்டி உள்ளே வருவதற்காகக் கேட்டை அகலத் திறந்து பிடித்தாள். அவன் கடந்ததும் சாத்தினாள். தாழ்ப்பாள்மேல் கை போனது, அங்கேயே சற்று இருந்தது, திரும்பி வந்தது.

“இனிமே தெருமுனையிலேயே ஹாரன் அடிச்சிட்டு வா,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “நீதான்னு எனக்குத் தெரியணும்.”