எறும்பு போன வழி

ஆபீஸில் அவளுக்கு வாலு என்று பெயர். மருந்துக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளில், திரையில் தெரியும் பட்டன், படம், கட்டம் எல்லாம் அவள் கைவேலைதான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் அந்தக் கை சும்மா இருக்காது.

முதலாளிக்கு ஒரு கிறுக்கு. திரையில் தூசி, விரல் ரேகை எதையும் பார்க்கச் சகிக்கமாட்டார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. யாராவது திரையைத் தொட்டுப் பேசினால், பேச்சைக் காதில் வாங்காமல் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் வாலுவுக்கு அந்த யோசனை வந்தது. அவர் திரையில் ஓர் எறும்பை விட்டால் என்ன?

எறும்பை வரைந்துவிட்டாள். நடக்க வைப்பதில்தான் வேலை. எறும்புப் படத்தை ஓரிடத்தில் ஒட்டினால் அடியில் இருப்பது மறைந்துபோகும். எறும்பு நகர்ந்ததும் மறைந்த துண்டைத் திரும்ப ஒட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் எறும்பாக நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் அடியில் இருப்பதைப் புதிதாகப் படம் பிடிப்பதுதான் முறை. வாலு சோம்பல்பட்டாள். தொடக்கத்திலேயே முழுத் திரையையும் ஒரே ஒரு தடவை பிடித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெட்டி வெட்டி ஒட்டினால் போதும் என்று விட்டுவிட்டாள். அவள் மெஷினில் எறும்பு ஜோராக நடந்தது.

முதலாளி கை கழுவப் போன நேரம் பார்த்து அவர் லேப்டாப்பில் ஏற்றினாள். திரையில் சீட்டாட்டம் பாதியில் நின்றிருந்தது. சற்று நேரம் கழித்து எறும்பு தானாகக் கிளம்பும்படி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்த மருந்துக்கடைக்காரம்மா அப்போதே வந்து நின்றார். ஊரெல்லாம் கடை வைத்திருப்பவர். முதலாளி ஆட்டத்தை அவசரமாக மூடி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்கு ஓடினார். பின்னாலேயே கூட்டு முதலாளியான அவர் மச்சான்.

"நீயும் வாம்மா வாலு. ஏதாவது கேட்டா பதில் சொல்லணும்," என்றார் முதலாளி.

சுவரில் இருந்த பெரிய திரையில் பில் தெரிந்தது. முதலாளி விளக்கிக்கொண்டிருக்கும்போதே மூலையிலிருந்து எறும்பு எட்டிப் பார்த்தது.

பேச்சை நிறுத்தாமலே அவர் மஞ்சள் துணியால் லேப்டாப்பைத் துடைத்தார். எறும்பு துணிக்கடியில் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

"பெரிய திரையிலயும் போகுது மாமா," என்றார் மச்சான்.

பில்லின் குறுக்கே எறும்பு நடந்தது. அது போன வழியில் பில் இல்லை. பச்சை மேசை தெரிந்தது. அப்புறம் சிவப்பு ராணியின் பாதி முகம். வளைந்து நெளிந்து நடந்து, முதலாளியின் ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி வெளியே எடுத்தது. அப்போதுதான் வாலுவுக்கு உறைத்தது. எறும்பு திரும்ப ஒட்டிக்கொண்டு போவது, அவள் ஏற்றியபோதே பிடித்து வைத்த பழைய திரையை.

மச்சான் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். "அந்தக் கறுப்பு ஏழாம் சீட்டை ஏன் நகர்த்தாம வச்சிருக்கீங்க?"

"வைக்க இடமில்லம்மா. சிவப்பு எட்டு இன்னும் வரல," என்றார் முதலாளி, தன்னை மறந்து.

"இருக்கும். எறும்பு அந்தப் பக்கம் போகட்டும், பொறுங்க."

எல்லோரும் பொறுத்தார்கள். எறும்பு ஆற அமரத் திரும்பியது. எட்டு இருந்தது.

"அட, ஆமா," என்றார் முதலாளி.

அந்தம்மா எல்லாக் கடைக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எறும்பு மட்டும் வேண்டாம் என்றார்.

அவர் போனதும் முதலாளி வாலுவை அறைக்குக் கூப்பிட்டார். "எறும்பு உன்னோடதா?"

"ஆமா சார். எங்க தப்புன்னு புரிஞ்சுபோச்சு. இப்பவே சரி பண்ணிட்டேன். இனிமே பழசு எதுவும் தெரியாது."

"சரி பண்ணிட்டியா?" அவர் முகம் வாடிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "என் மச்சான் மத்தியானம் ஆனா ரூம்ல அப்படி என்னதான் பண்றான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். நாளைக்கு அவன் லேப்டாப்புல விடு. பழையபடியே."

"திருத்தினதை மறுபடி கெடுக்கணும் சார்."

"அதனாலென்ன, கெடுத்துடும்மா."

வாலு வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஒரு எறும்பு போதுமா சார்?"

முதலாளி மஞ்சள் துணியை மடித்தபடி யோசித்தார்.

"கூட்டமா விடு," என்றார்.