பத்து மணிக்கே முடிந்துவிட்ட பதினொரு மணிக் கூட்டம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தவர் சொன்னது. ஏதோ கம்பெனி முதலாளியாம், பெயர் சொல்லவில்லை. ஏசுவடியான் என்று நானே வைத்துவிட்டேன். தென்காசிக் கடைவீதியில் வளர்ந்தவன் நான். சும்மா கிடைப்பதையும் பேரம் பேசித்தான் வாங்குவேன்.

“பாதியைப் பொய்யின்னு கழிச்சுக்கிடலாமா அண்ணாச்சி?”

“காவாசி கழிச்சுக்கிடுங்க.”

2

முதல் தொடக்கம்: “சாரல் பெய்த ஒரு காலையில் ஐந்தருவியின்...” (வேண்டாம். குற்றாலம் என்றாலே எல்லாரும் நனைந்துதான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: “நிர்வாகம் ஒழுங்காக இருந்தால் கம்பெனி செழிக்குமா என்பது குறித்து ஆய்வாளர்கள்...” (கொட்டாவி.)

ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. ஒழுங்கால் லாபம் வருகிறதா, லாபம் வந்தவனுக்குத்தான் ஒழுங்கு கட்டுப்படியாகிறதா? நான் படித்தவரை இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது.

3

இலஞ்சியில் தேங்காய்ப் பூ உலர்த்தி விற்கும் கம்பெனி. டைரக்டர்கள் ஏசுவடியானும் மனைவி ஞானபாக்கியமும். “வெளியாள் ஒருத்தர் போர்டில் வேணும்” என்று கொச்சியில் சரக்கு எடுப்பவர் கேட்டதால், ஆலங்குளத்து முத்துசெல்வியும். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்.

கூட்டம் சீசனில், குற்றாலத்தில். மினிட்ஸை, அதாவது கூட்டத்தில் பேசியதன் குறிப்பை, முதல் நாளே டைப் அடித்துவிடுவார்கள். காலையில் கையெழுத்து, பிறகு குளியல், பிறகு பிரியாணி. கூட்டம் மட்டும் நடக்காது.*

இந்த வருடத் தீர்மானம்: கம்பெனிக்கு ஒரு காட்டேஜ் வாங்குவது.

“மேடம், ஒரு கையெழுத்து. தண்ணி நல்லா விழுது, குளிக்கப் போவலாம்,” என்றார் ஏசுவடியான் அண்ணாச்சி.

முத்துசெல்வி கண்ணாடியை மாட்டினார். “கூட்டம் பதினொண்ணுக்குன்னு போட்டிருக்கு. இப்ப மணி பத்து. ‘நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாக’ன்னும் இருக்கே. யாரு விவாதிச்சா?”

“அது ஒரு மரியாதைக்கு எழுதுதது.”

“காட்டேஜ் யாருது?”

அண்ணாச்சி தலை துவட்டினார். இன்னும் நனையவே இல்லை.

“பிரின்ஸோட மாமனாருது,” என்றார் ஞானபாக்கியம். பிரின்ஸ் அவர்களுடைய மகன், ஆலையைப் பார்த்துக்கொள்பவன்.

* என் கதைகளிலும் இப்படித்தான். முடிவை முதலில் எழுதிவிடுவேன்.

4

முத்துசெல்வி மினிட்ஸைக் கிழித்தெறிந்து... (இல்லை. பேங்க்காரர்கள் காகிதத்தைக் கிழிக்க மாட்டார்கள்.) கேள்விதான் கேட்டார்: “பூ காய வைக்க வாங்குறதா இருந்த புது டிரையர் என்னாச்சு?”

“அடுத்த வருசம்.”

ஞானபாக்கியம், துண்டோடு வாசலில் நின்ற மகன் பக்கம் திரும்பினார். “ஏலே, டிரையர் வாங்கலேன்னா என்னலே ஆவும்?”

“சாரல்ல பூவு காயாதும்மா, பூஞ்சை பிடிக்கும். போன தடவையே கொச்சிக்காரன் லோடைத் திருப்பிட்டான். இன்னொரு தடவைன்னா ஆர்டரே கெடையாது.”

“அறுபது பொம்பளைக வேலை பாக்காளுவளேடா!”

“மாமாகிட்ட வாக்குக் குடுத்தாச்சேம்மா...”

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டாயிற்று. முத்துசெல்வி போட மாட்டார். மூன்றாவதான ஞானபாக்கியத்தின் கையெழுத்துதான் தீர்மானம்.

“இருவது வருசமா டைரக்டரு,” என்றார் ஞானபாக்கியம். “இன்னைக்குத்தான் என்ன எழுதியிருக்குன்னு பாக்கேன்.”

“பாத்தாச்சுல்லா? போடு.”

“கூட்டம் பதினொண்ணுக்குத்தான?” பேனாவை மூடினார். “மணி ஆவட்டும்.”

5

நான் முன்கூட்டியே எழுதி வைத்த கடைசிப் பக்கத்தில் “ஒருமனதாக” என்று இருந்தது. எதற்கு என்பதைச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

இப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உங்களை இன்னொரு வெளியாளாக நியமிக்கிறேன். பிரியாணி உண்டு, கூட்டத்துக்குப் பிறகு. வாங்க, குளிக்காமல் வாங்க.